வீடு விற்க முன்னம் எதைத் திருத்துவது? மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் 20 வருடத்துக்கு மேலாக வீடு கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். வீடு விற்கப் போகிறவர்கள் கையில் இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடுவது என்று தெரியாமல் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். பலர் கடன் வாங்கி டைல் போட்டுவிட்டு, அந்தக் காசு திரும்பி வராமல் மனம் உடைந்திருக்கிறார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பண்டாரவளை): அண்ணே, 12 பேர்ச் காணியில் மூன்று அறை வீடு. கையில் 6 இலட்சம் இருக்கிறது. குசினியைப் புதுசாக்கினால் விலை கூடும் என்கிறார் புரோக்கர். பின் அறை மழைக்கு ஒழுகுகிறது. அதைச் சீலிங் அடித்து மறைத்துவிடலாமாம். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, குசினி இருக்கட்டும். முதலில் கூரை. நம்ம பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு மேசன் பாஸையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த பாஸ் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். சீலிங் பலகையில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று தேடுவார். அப்புறம் நேராக வீட்டுக்குப் பின்னால் போவார். மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கால் வைத்துப் பார்ப்பார். அங்கே சேறாக இருந்தால், முன்னால் எவ்வளவு அழகான குசினி இருந்தாலும் விலை இறங்கத் தொடங்கிவிடும். புதுச் சீலிங்கைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

வெலிமடைப் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். விற்பதற்காகவே பெட்டி பெட்டியாகக் குசினி அலுமாரி அடித்திருந்தார்கள். பின் சுவர் ஈரம் ஊறி, ஒரு மழைக்காலத்திலேயே பலகை உப்பிவிட்டது. வாங்க வந்தவர் ஒரு கதவைத் திறந்தார், பூஞ்சண நாற்றம் வந்தது, பேச்சு அதோடு முடிந்தது. அலுமாரிக்குப் போட்ட காசில் பாதி இருந்தால் அந்த ஈரத்தை நிறுத்தியிருக்கலாம்.

ஆகவே தண்ணீர் வருகிற வழியிலேயே நீங்களும் வாருங்கள். மேலிருந்து தொடங்குங்கள். முகட்டு மூடி, ஆணித் துளைகள், கூரை சுவரைத் தொடும் இடம், இந்த மூன்றிலும்தான் பெரும்பாலான ஒழுக்கு இருக்கும். முழுக் கூரையையும் மாற்றத் தேவையில்லாமல் போகலாம். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் கவனம்: துளைக்கவோ உடைக்கவோ தேய்த்துக் கழுவவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். மாற்றத்தான் வேண்டும் என்றால் நனைத்துவிட்டு, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். வேலையாட்கள் நல்ல முகக்கவசம் போடட்டும்.

அடுத்தது கூரைப் பீலி. பீலித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிக் கானுக்குள் போக வேண்டும். பல வீடுகளில் குழாய் பாதியில் நின்று, தண்ணீர் அத்திவாரத்திலேயே கொட்டுகிறது. பிறகு அந்தக் கான். மேட்டு அடியில் இருக்கிற கானைத் தூர் எடுத்து, வீட்டை விட்டு வெளியே ஓடும்படி சரிவு கொடுத்து, சிமெந்து போடுங்கள். அது வீதிக் கானில் போய் முடிய வேண்டும், கீழ் வீட்டுக்காரர் முற்றத்தில் விடக்கூடாது. கடைசியாகத் தாங்கு சுவர். அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், மண்ணும் வேரும் அடைத்திருக்கும். அவற்றைக் குத்தித் திறந்துவிடுங்கள். மழையில் மண் ஊறி, சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், அந்தத் தண்ணீரின் பாரமே சுவரை முன்னால் தள்ளும். துளையே இல்லாத சுவர் என்றால் விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் தொட வேண்டாம்.

இதெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் குசினிக் குழாயை மாற்றி, கதவுப் பிணைச்சல்களைச் சரிசெய்து, நல்ல வெளிச்சமாக ஒரு விளக்குப் போடுங்கள். வாங்குகிறவர் தன் விருப்பத்துக்குக் குசினி கட்டிக்கொள்வார்.

கேள்வி (டிக்கோயா): படுக்கை அறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் என்று விலை கூடியது ஒன்றைக் கடையில் சொல்கிறார்கள். அடித்தால் போதுமா?

பதில்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பெயின்டும் வாங்க வேண்டாம். செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சுவரை ஒரு இடத்தில் துடைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேலே பண்டாரவளைத் தங்கச்சிக்குச் சொன்னதுதான் மருந்து. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளேயே துணி காயப்போடுகிற வீடுகளில் இதுதான் நடக்கும். பகலில் ஜன்னலைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாலே பாதி குறையும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பூஞ்சணத்தைக் கழுவி எடுத்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். நிறம் வெள்ளையோ இளம் மஞ்சளோ போதும். மூடுபனி நாளில் அந்த நிறம்தான் அறையை வெளிச்சமாகக் காட்டும்.

கேள்வி (பசறை): 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மழைக்குப் பிறகு பின் சுவரில் படி படியாக ஒரு வெடிப்பு. சிமெந்து பூசிப் பெயின்ட் அடித்தால் தெரியாது என்கிறார் பாஸ். பூசிவிட்டு விற்கலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். இது விலையைப் பற்றிய கேள்வி இல்லை. நாளைக்கு அந்த அறையில் யாரோ ஒரு பிள்ளை தூங்கப் போகிறது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பூச்சில் மட்டும் மயிரிழை போல ஓடுகிற வெடிப்புகள் வேறு, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். கல் இணைப்பு வழியாகப் படிபோல் ஏறுவது, ஒரு பக்கம் அகன்று போவது, தரையிலும் தொடர்வது, கதவு திடீரென்று இறுகிப்போவது, இவை அத்திவாரமோ மண்ணோ அசைகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு பொட்டுச் சிமெந்து வையுங்கள். அந்தப் பொட்டு உடைந்தால் வெடிப்பு இன்னும் வளர்கிறது. அப்புறம் வீட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள். நிலத்தில் பிளவு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

எதுவும் இல்லையென்றாலும், மண்சரிவு அபாயத்தை ஆராய்கிற தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பான இடம் என்று எழுத்தில் கிடைத்தால், இந்த நேரத்தில் பசறையில் எந்த டைலும் அந்தத் தாளுக்கு ஈடாகாது. ஆபத்து என்று வந்தால் விற்கும் பேச்சை விடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

கேள்வி (நுவரெலியா): தாத்தா காலத்துப் பழைய வீடு. மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடலாம் என்று யோசனை.

பதில்: வேண்டாம். பழைய வீட்டைத் தேடி வருகிறவர், அந்த மர ஜன்னலுக்கும் பலகைத் தரைக்கும் நெருப்பு மூட்டும் சிமினிக்கும்தான் காசு கொடுக்கிறார். உக்கிய சட்டத்தை மட்டும் தச்சு பாஸைக் கொண்டு மாற்றுங்கள், கறையானுக்கு மருந்து அடியுங்கள், சிமினியைத் துப்புரவாக்கிப் புகை மேலே போகிறதா என்று பாருங்கள். வயரிங் பழசாக இருந்தால் அதைக் கட்டாயம் மாற்றி, ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். மரமும் பழைய வயரும் சேர்ந்த வீட்டில் அது உயிர்ப் பிரச்சினை.

கேள்வி (நாவலப்பிட்டி): மேல்மாடியில் ஒரு அறை கட்டினோம், பிளான் பாஸ் பண்ணவில்லை. டைல் போட்டு முடித்துவிட்டால் நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: டைலை நிறுத்துங்கள் தம்பி. பெரும்பாலும் வாங்குகிறவர் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கிச் சட்டத்தரணி காணி உறுதியை வழக்கமாக 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பார். நில அளவைப் படம், அனுமதி பெற்ற பிளான், இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் கேட்பார். பிளானில் ஒரு மாடி, நிலத்தில் இரண்டு மாடி என்றால் கடன் அங்கேயே நிற்கும். முதலில் உள்ளூராட்சிச் சபையின் தொழில்நுட்ப அலுவலரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த முடிகிறதா, திருத்தம் செய்ய வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்சரிவு அபாயப் பகுதி என்றால் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படும். அதுவரை அறை அப்படியே இருக்கட்டும். கொங்கிரீட் பீம் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குகிறவரின் ஆளும் பார்த்துத் திருப்திப்படுவார்.

கேள்வி (தலவாக்கலை): தோட்டத்தில் எங்களுக்கு 7 பேர்ச் வீடு. அண்ணன் கொழும்புக்கு வரச் சொல்கிறார். விற்க முன்னம் முன்பக்கம் ஒரு வரவேற்பறை இழுத்துக் கட்டலாமா?

பதில்: ஒரு கல்லும் வைக்க முன்னம் கையில் இருக்கிற தாளை எடுத்துப் பாருங்கள் தங்கச்சி. காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதியா? யார் பெயரில்? அதில் விற்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா? அரச காணி அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால், 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்றால் செல்லாது. உறுதிக் காணி அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. நொத்தாரிசிடம் போய் அதை முடிக்க வேண்டும். உறுதியே இல்லையென்றால், விற்பதற்கென்று ஒரு சதம்கூடச் செலவழிக்காதீர்கள். குடியிருக்கத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். லயத்தில் தலைமுறை தலைமுறையாகக் காணியில்லாமல் வாழ்ந்த சனம் நாம். கையெழுத்துப் போட முன்னம் இரண்டு தரம் விசாரியுங்கள், வெறும் கடதாசியில் விற்றுவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (கொட்டகலை): பாத்ரூமை முழுசாக மாற்ற வேண்டுமா?

பதில்: தேவையில்லை. சுடுதண்ணி ஹீட்டர் வேலை செய்யட்டும், ஒழுகும் குழாயை மாற்றுங்கள், டைல் இடுக்குகளுக்குப் புதுப் பூச்சுப் போடுங்கள். மலசலகூடக் குழி நிரம்பி வழிகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி (ஹாலிஎல): வீதியிலிருந்து 43 படி இறங்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் படியைப் பார்த்தே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே எல்லாம் அழகாகச் செய்து வைத்திருக்கிறோம்.

பதில்: அப்படியானால் அடுத்த காசு முழுக்க வெளியே போகட்டும். மலைநாட்டில் வீட்டு வாசலுக்கு வாகனம் வருவது ஒரு அறைக்குச் சமம். பக்கத்துக் காணிக்காரரோடு பேசிப் பாருங்கள். அவர் ஓரத்தில் ஒரு பாதைத் துண்டு தந்தால், வாய்ப்பேச்சோடு விடாமல் அளவையாளரைக் கொண்டு அளந்து, பாதை உரிமையாக உறுதியில் எழுதி வாங்குங்கள். அது முடியாவிட்டால் வீதி மட்டத்தில் ஒரு வாகனம் நிறுத்தும் இடமாவது பாருங்கள், சரிவை வெட்டுவதாக இருந்தால் அனுமதி எடுத்துவிட்டு. படிகளை ஒரே உயரமாக்கி, வழுக்காமல் சொரசொரப்பாகப் பூசி, கைபிடிக் கம்பியும் நடுவில் இளைப்பாற ஒரு திண்ணையும் இரண்டு விளக்கும் போடுங்கள். வயதானவர் ஒருவர் மூச்சு வாங்காமல் இறங்கி வந்தால்தான் வீட்டுக்குள் இருக்கும் அழகு அவருக்குத் தெரியும்.

கேள்வி (கண்டி): திருத்த வேலைப் பில்களை வைத்திருக்க வேண்டுமா? வரி உண்டா?

பதில்: எல்லாப் பில்லையும் வையுங்கள். நீங்களே குடியிருந்த வீடு, விற்க முன்னம் தொடர்ந்து 3 வருடம் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது 2 வருடம் வாழ்ந்திருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. வாடகைக்கு விட்ட வீடு என்றால் ஆதாயத்துக்கு வரி வரும். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவைக் கிரயத்தோடு, அதாவது வாங்கிய விலையோடு, சேர்த்துக் காட்டலாம், அதற்குத்தான் பில். 2017 செப்டம்பர் 30 அன்று உங்களிடம் இருந்த சொத்து என்றால், அன்றைய சந்தைப் பெறுமதிதான் கிரயமாகக் கணக்கிடப்படும். முத்திரை வரி வழக்கமாக வாங்குகிறவர் பாடு.

கேள்வி (நோர்வூட்): எந்த மாதம் வேலையைத் தொடங்கி, எப்போது ஆட்களைக் கூப்பிடுவது?

பதில்: உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. ஜனவரி, பெப்ரவரியில் கூரை வேலையும் பெயின்டும் செய்தால் சுவர் காயும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தினருக்கு ஒக்டோபரிலிருந்து மழை, அவர்கள் ஜூன், ஜூலையில் செய்யட்டும். ஆட்களை வெயில் நாளில்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. கான் வேலை சரியாக முடிந்திருந்தால் மழை பெய்கிற நாளிலேயே வரச் சொல்லுங்கள். குடை பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் ஓடுவதைக் காட்டுங்கள்.