கார்மெனேரில் குடைமிளகாய் வாசனையா? கொட்டிவிடாதீர்கள்

சிலியிலிருந்து வந்த கார்மெனேர் என்ற திராட்சை ரகத்தின் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை அடிக்கிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. அது பைரசின் என்ற சேர்மத்தின் வேலை; பழம் சரியாகப் பழுக்காவிட்டால் தூக்கலாகத் தெரியும்.

இந்தத் திராட்சையின் பூர்வீகம் பிரான்சின் போர்தோ பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்செரா பூச்சி அங்கே கொடிகளை அழித்தபின் இந்த ரகத்தை அநேகமாகக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே சிலிக்குப் போன கொடிகளையோ மெர்லோ என்ற வேறொரு திராட்சை ரகம் என்று நினைத்தே வளர்த்தார்கள்! 1994-இல் பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷேல் பூர்சிகோ பார்த்துச் சொன்னபிறகுதான் குட்டு உடைந்தது. மெர்லோவைவிடச் சில வாரம் பிந்திப் பழுப்பதை அதோடு சேர்த்தே பறித்தால் பச்சை வாடை வராமல் என்ன செய்யும்?

சுட்ட ஆட்டிறைச்சியோடு குடித்துப் பாருங்கள், வாடை அடங்கிவிடும். வினிகர் நெடியோ நனைந்த அட்டை நாற்றமோ இருந்தால் மட்டும் கொட்டுங்கள்.