பழைய .32 ரிவால்வர் தோட்டா இன்னும் வாங்கத் தகுந்ததா?

தேனி மாவட்டம் கம்பத்தில் வீடு, கேரள எல்லையில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் என்று இருப்பவர்கள் தற்காப்பு லைசென்ஸ் கிடைத்ததும் கேட்கிற கேள்வி இது. வாங்கலாம் என்பதே என் பதில்.

பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. இதுதான் தோட்டா. நாம் பேசுகிற ரிவால்வர் தோட்டாவான .32 லாங் 1896-இல் வந்தது; குண்டின் குறுக்களவு சுமார் 8 மி.மீ. மருந்தும் அழுத்தமும் குறைவு என்பதால் போலீஸ், ராணுவ பிஸ்டல்களில் போடும் 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவின் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இதற்கு. ஆனால் அதனாலேயே கையை உதறாது, குறி நிற்கும். 25 மீட்டர் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் தோட்டா) பிஸ்டல் போட்டிகளில் இன்றும் இதைச் சுடுகிறார்கள். தோட்டத்துக்குள் மூட்டை ஏற்ற டிவிஎஸ் எக்ஸ்எல் போதாதா, அந்த மாதிரி.

தவிர, 9 மி.மீ. பாரபெல்லம் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் .32-இல் கிடைக்கிறது. காட்டுப்பன்றிக்கு என்றால் இதை நம்பாதீர்கள். லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி எடுத்துப்போகவும் கூடாது.

.32 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் பிஸ்டலுக்கான .32 ஏசிபி வேறு, ரிவால்வருக்கான .32 லாங் வேறு, மாற்றிப் போடக் கூடாது.