நீண்ட விண்வெளிப் பயணம்: மூச்சும் தண்ணீரும் – கேள்வி பதில்

கேள்வி: விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிக்கிறார்களே, அதில் அப்படி என்ன சிரமம்?

பதில்: சிரமம் எலும்பில் தொடங்குகிறது. எடையின்மையில் எலும்பு தேய்ந்து, அதன் கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. உடற்பயிற்சி போதாவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5% அடர்த்தியை இழக்கும். சிறுநீர் கெடாமலிருக்க அதில் முதலில் கந்தக அமிலம் கலந்தார்கள். நீர் ஆவியாக ஆக, அமிலத்தின் சல்பேட்டும் கால்சியமும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து, வடிகலனையே அடைத்துவிட்டது. தரையில் வாழ்பவர்களின் சிறுநீரில் இவ்வளவு கால்சியம் இராது. 85% நீரை மீட்க வேண்டிய கருவியைச் சில காலம் 70–75 சதவீதத்தோடு நிறுத்த வேண்டியிருந்தது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகே பழைய அளவு கைகூடியது. எஞ்சும் கழிவுநீரைச் சவ்வுப் பையில் ஊற்றி வெதுவெதுப்பான உலர்காற்றை ஓட்டினால், ஆவி மட்டும் வெளியேறும். இதையும் சேர்த்துத்தான் 2023இல் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

கேள்வி: வெளிவிடும் மூச்சிலிருந்து ஆக்சிஜனை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாதா?

பதில்: இப்போதைக்குப் பாதியளவுதான். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை. அதை நீரை மின்னாற்பகுத்துப் பெறுகிறார்கள். மிஞ்சும் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்தால் நீரும் மீத்தேனும் கிடைக்கும். அந்த நீரிலிருந்து மறுபடி ஆக்சிஜன் எடுக்கலாம். ஆனால் மீத்தேனை வெளியே விடும்போது ஹைட்ரஜனும் அதோடு போய்விடுவதால், எல்லாக் கரியமில வாயுவையும் நீராக்க ஹைட்ரஜன் போதுவதில்லை. மீத்தேனைப் பிளந்து ஹைட்ரஜனை மீட்கலாம். ஆனால் கரித்தூள் படிந்து உலை அடைத்துக்கொள்ளும். இங்கும் அடைப்புதான் வில்லன்.

கேள்வி: செடி வளர்த்தால் தீராதா?

பதில்: 2015இல் நிலையத்தில் விளைந்த கீரையைத் தின்றார்கள், வாய்க்கு நல்லது, மூச்சுக்குப் போதாது. அரிசோனாவில் 1991இல் எட்டுப் பேர் ‘பயோஸ்பியர் 2’ என்ற காற்றுப்புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் போனார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.5 சதவீதத்துக்கு விழுந்தது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளுக்கு அது எட்டவில்லை. வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: கதிர்வீச்சுக்கு ஈயத்தகடு போதுமா?

பதில்: வேண்டாம். அண்டக்கதிர் கனமான அணுக்கருவில் மோதினால் புதிய துகள்கள் சிதறும். ஹைட்ரஜன் மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் தண்ணீரும் மேல். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). படுக்கையைச் சுற்றிக் குடிநீரை அடுக்கலாம். குடிக்கக் குடிக்கக் கவசம் மெலியும். காலியாகும் இடத்தில் மனிதக் கழிவையே அடைத்துவைக்கும் யோசனையும் உண்டு.