கால்நடை மருத்துவர் பதில்கள்: செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடலாமா?

கேள்வி: எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய காட்டோரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. பாவமாக இருக்கிறது, குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றார் என் கணவர். பக்கத்து வீட்டு அக்கா, ‘குரங்குக் காய்ச்சல் வரும், கிட்டப் போகாதீங்க’ என்று தடுத்துவிட்டார். அப்படி ஒரு நோய் உண்டா?
- ஒரு வாசகி, கூடலூர்

பதில்: உண்டு அம்மா. அந்த அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. அதே நாட்களில் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்து ஆட்கள் அங்கே போனபோது அவர்களுக்கு வந்த முதல் சந்தேகம் மஞ்சள் காய்ச்சல். தென்னமெரிக்கக் காடுகளில் அந்த நோய் வந்தால் முதலில் குரங்குகள்தான் சாகும். இந்தியாவுக்குள் அதுவரை நுழையாத நோய் என்பதால் பதற்றம் வேறு. பரிசோதித்துப் பார்த்தால் அது முற்றிலும் புதிய வைரஸ். ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவுக்காரன். இங்கேயும் பரப்புவது உண்ணிதான்.

அதனால்தான் செத்த குரங்கு ஆபத்து. உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகுக்குள் போய்விடும். அப்புறம் அந்தப் பக்கம் விறகு பொறுக்கவோ மாடு ஓட்டவோ போகிறவரின் காலில் ஏறும். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பதே தெரியாது. பனிக்காலம் தொடங்கிக் கோடை முடியும்வரை இவை அதிகம்.

நம் நீலகிரிக்கும் இது புதிதில்லை. 2012-ல் இங்கே இறந்த குரங்கில் இந்த வைரஸ் உறுதியானது. அடுத்த ஆண்டு வயநாட்டில் மனிதர்களுக்கே வந்தது.

ஆகவே புதைக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். அவர்கள் பாதுகாப்பு உடையோடு வந்து மாதிரி எடுப்பார்கள், சுற்றிலும் ஐம்பது அடிக்கு உண்ணி மருந்து தூவுவார்கள். ஊரில் யாருக்காவது திடீர்க் காய்ச்சல், தலைவலி, தாங்க முடியாத உடம்புவலி வந்தால், ‘காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தது’ என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்காமலே சொல்லுங்கள். நோயாளியைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம், இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை.

இன்னொன்று. பயத்தில் யாரும் குரங்குகளைக் கல்லால் அடித்து விரட்ட வேண்டாம். அவையும் நம்மைப் போல் இந்த நோய்க்குப் பலியாகிறவைதான்.

கேள்வி: காட்டில் மேய்ந்து வரும் மாட்டின் மேலிருக்கும் உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்கலாமா? மாட்டுக்கும் அந்தக் காய்ச்சல் வருமா?
- ஒரு வாசகர், மசினகுடி

பதில்: மாடு இந்த நோயில் படுப்பதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டு ரத்தம் குடித்துத்தான் பெருகுகின்றன, எனவே கவனம் தேவை. வெறுங்கையால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டாம், மாட்டின் தோல் வெந்துபோகும். கால்நடை மருத்துவமனையில் உண்ணி மருந்து கேட்டு வாங்கி, அவர்கள் சொல்லும் அளவில் தண்ணீர் கலந்து அடியுங்கள். காது மடல், வால் அடி, மடிப் பக்கம் விட்டுப்போகக் கூடாது. காட்டுக்குப் போகும்போது முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, திரும்பியதும் துணியைச் சுடுதண்ணீரில் அலசிக் குளித்துவிடுங்கள்.