வால்பரைசோவுக்கு இரண்டு தலைவர்களா?

நண்பரே, வால்பரைசோவின் தலைவர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் என்று ஓரிடத்திலும், குடியரசுத் தலைவர் அனுப்பியவர் என்று இன்னோரிடத்திலும் படித்ததாகக் கேட்டிருந்தீர்கள்; இரண்டு தகவல்களும் சரிதான். சிலியின் வால்பரைசோ பிராந்தியத்தை 2021 வரை குடியரசுத் தலைவர் நியமித்தவரே நிர்வகித்தார். அந்த ஆண்டு முதல் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிராந்திய மன்றத்தை நடத்துவதும் வளர்ச்சி நிதியைக் கவனிப்பதும் அவர் வேலை. சட்டம் ஒழுங்கோ குடியரசுத் தலைவர் அனுப்பும் பிரதிநிதியின் கையில் இருக்கிறது. மக்கள் வாக்களித்தவருக்குக் காவல்துறை மீது அதிகாரம் இல்லை என்பதால், இதை அரைகுறை அதிகாரப் பரவலாக்கம் என்றே சொல்வேன்.

இந்தப் பிராந்தியம் பற்றிய உங்கள் கட்டுரைக்கு வரைபடம் வரையும்போது ஈஸ்டர் தீவை விட்டுவிடாதீர்கள். கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் நடுவே இருந்தாலும் அது இதே பிராந்தியத்தின் 8 மாகாணங்களில் ஒன்று. கிழக்கே லாஸ் ஆண்டஸ் மாகாணம் அர்ஜென்டினா எல்லை வரை நீள்கிறது. நாடாளுமன்றமும் 1990 முதல் தலைநகர் சாண்டியாகோவில் அல்ல, வால்பரைசோ நகரில்தான் கூடுகிறது.