தம்பியின் காரும் என் காரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் டொரன்டோவில் வசிக்கிறேன். என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள 2021 டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட் இருக்கிறது. 1,750 பவுண்டு வரைதான் இழுக்கலாம் என்கிறது கையேடு. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பியும் இதே காரைத்தான் வைத்திருக்கிறான். அவனுக்கு மட்டும் 1,650 கிலோ, அதாவது 3,600 பவுண்டுக்கு மேல் அனுமதி. எங்களுக்குக் குறைத்துச் சொல்கிறார்களா? அவனுடைய கணக்கை நம்பி ஒரு கேம்பிங் ட்ரெய்லர் வாங்கலாமா?

பதில்: குறைத்துச் சொல்லவில்லை, இரண்டு எண்களும் உண்மைதான். இழுதிறன் என்பது எஞ்சினின் பலத்தை அளந்து எழுதிய எண் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்ன வேகத்தில், இன்ன விதமாகப் பாரம் ஏற்றிய ட்ரெய்லரை, இன்ன சட்டத்துக்கு உட்பட்டு இழுத்தால் வண்டி தாங்கும் என்று நிறுவனம் அந்தந்தச் சந்தைக்குத் தரும் உறுதிமொழி அது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் உடனே புரியும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு சுமை தாங்காமல் தவிக்கும். ட்ரெய்லருக்கும் இதே நியாயம்தான். ட்ரெய்லரின் எடையில் ஒரு பங்கு காரின் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இணைப்பு) மேல் இறங்கவேண்டும். அது போதாமல் போனால் வேகம் ஏறும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துச் சாலைக்கு வெளியே தள்ளக்கூடியது. வட அமெரிக்காவில் இந்த முன்பாரம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து இருக்கவேண்டும் என்பது வழக்கம். ஐரோப்பாவில் ஐந்து முதல் ஏழு போதும் என்கிறார்கள். அங்கே ட்ரெய்லரோடு போகும் காருக்குத் தனி வேகவரம்பு இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தின் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான். ஜெர்மனியில் தனி ஒப்புதல் பெறாத ட்ரெய்லருக்கு 80 கிலோமீட்டர். நீங்களோ 401 நெடுஞ்சாலையில் மற்றவர்களோடு சேர்ந்து 100, 110 கிலோமீட்டர் என்று போவீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1,650 கிலோ ட்ரெய்லருக்கு உங்கள் தம்பியின் ஹிட்ச் மேல் ஐந்து சதவீதம் என்றால் சுமார் 82 கிலோ இறங்கும். அதே ட்ரெய்லரை இந்த ஊர் முறைப்படி ஏற்றினால் 165 கிலோவிலிருந்து 250 கிலோ வரை இறங்கும். அந்த எடையைச் சுமப்பது காரின் பின் அச்சு.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். உங்கள் காரில் அது 1,100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் நால்வர் 560 பவுண்டு, டிக்கியில் சாமான் 200 (அரிசி மூட்டையையும் குக்கரையும் விட்டுவிட்டு நம்மவர்கள் எங்கே கேம்பிங் போகிறார்கள்!), ஹிட்ச் 40. ட்ரெய்லர் 1,500 பவுண்டு என்றால் அதன் முன்பாரம் பன்னிரண்டு சதவீதக் கணக்கில் 180. ஆகமொத்தம் 980, மீதம் 120. அதே குடும்பம் 3,600 பவுண்டு ட்ரெய்லரை மாட்டினால் முன்பாரம் மட்டுமே 432, மொத்தம் 1,232. எஞ்சின் ஒரு முனகல்கூட இல்லாமல் இழுத்துவிடலாம். ஆனால் கார் தன் அனுமதி எடையை எப்போதோ தாண்டியிருக்கும். உங்களுடையது போன்ற கிராஸ்ஓவர் கார்களில் பெரும்பாலும் இழுதிறனுக்கு முன்னால் தீர்ந்துபோவது இந்தச் சுமைதிறன்தான் என்பது என் கருத்து. விற்பனையாளர்கள் அந்த ஸ்டிக்கரைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம்.

இன்னொன்று: தம்பியின் 1,650 கிலோ, பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் அங்கும் 750 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒன்டாரியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினாலே பிரேக் கட்டாயம். உங்கள் கையேட்டின் எண்ணுக்குள் அடங்கும் ட்ரெய்லரையே தேடுங்கள். விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பாமல், தண்ணீர், காஸ் சிலிண்டர், பாத்திரம் எல்லாம் ஏற்றிய பிறகு வரும் எடையைப் பாருங்கள். விபத்து நடந்தபின் தம்பியின் கையேட்டை யாரிடமும் காட்ட முடியாது.

கேள்வி: என் காரின் இழுதிறன் 1,500 பவுண்டு. மூன்றாம் வகுப்பு ஹிட்ச் பொருத்தினால் 5,000 பவுண்டு இழுக்கலாம் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: இல்லை. அந்த ஹிட்ச் 5,000 பவுண்டு தாங்கும். உங்கள் கார் தாங்காது. கார், ஹிட்ச், அதன் மேல் ட்ரெய்லரை மாட்டும் இரும்புப் பந்து, ட்ரெய்லர் ஆகியவற்றில் எதன் எண் மிகச் சிறியதோ அதுவே உங்கள் எல்லை.

கேள்வி: சுபாரு அவுட்பேக் 2.5 வைத்திருக்கிறேன், இழுதிறன் 2,700 பவுண்டு. ஜூலையில் ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு 2,500 பவுண்டு ட்ரெய்லரை இழுத்துப் போகலாமா? வெயிலையும் ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தானே எண்ணைப் போட்டிருப்பார்கள்?

பதில்: சில நிறுவனங்கள் எடுக்கின்றன. வட அமெரிக்காவில் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே2807 என்றொரு சோதனை முறை இருக்கிறது. உங்கள் அரிசோனாவிலேயே, புல்ஹெட் சிட்டியிலிருந்து ஏறும் 68ஆம் எண் மாநிலச் சாலையில் 11.4 மைல் நீளமுள்ள டேவிஸ் அணை ஏற்றம்தான் அதன் அளவுகோல். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில், ஏசியை முழுமையாக ஓடவிட்டு, முழுப் பாரத்துடன் ஏறும்போது சாதாரண வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆனால் இந்த முறையைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. டொயோட்டா 2011 டன்ட்ரா பிக்கப்பில் இதை முதலில் ஏற்றபோது, வண்டி அப்படியே இருக்க, அறிவித்த இழுதிறன் மட்டும் குறைந்தது.

உங்கள் காருக்கான பதில் கையேட்டிலேயே இருக்கிறது. அவுட்பேக் 2.5இன் பல ஆண்டு மாடல்களுக்கான கையேடுகள், வெப்பம் 104 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கையில் ஐந்து மைலுக்கு மேற்பட்ட தொடர் ஏற்றத்தில் இழுத்தால் எல்லை 1,350 பவுண்டு என்கின்றன, அதாவது சரிபாதி. காரணம் கியர்பாக்ஸில் சேரும் சூடு. ஃபீனிக்ஸின் ஜூலையில் 104 டிகிரி என்பது சர்வசாதாரணம். ஃபிளாக்ஸ்டாஃபோ ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஆண்டுக்குரிய கையேட்டில் ட்ரெய்லர் பகுதியை எடுத்துப் பாருங்கள். அதே வரி இருந்தால், ட்ரெய்லரை ஃபிளாக்ஸ்டாஃபிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.