ஜெபமாலை, உத்தரியம், பதக்கம்: அன்றாட ஜெபத்தை நினைவூட்டும் சிறு பொருள்கள் – கேள்வி பதில்

சட்டைப் பையிலும் கழுத்திலும் வாசல் நிலையிலும் நாம் வைத்திருக்கும் பக்திப் பொருள்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலர் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் அறைக்கு அறை படமும் சுரூபமும் இருக்கின்றன. கதவில் சிலுவை மாட்டியிருக்கிறோம். ஆனாலும் பகலில் ஒருமுறைகூட ஜெபம் நினைவுக்கு வருவதில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள். தினமும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண் விரைவில் கவனிப்பதை விட்டுவிடும். அடுத்தது, அந்தப் பொருளைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து வைத்திருக்கமாட்டீர்கள். "ஏதாவது ஜெபிக்கலாம்" என்ற பொதுவான எண்ணம் நிலைக்காது.

ஒரு பொருளுக்கு ஓர் இடம், ஒரு நேரம், ஒரு வரி என்று ஒதுக்குங்கள். வாசலருகே தீர்த்தம் என்றால், வெளியே போகும்போது விரலை நனைத்துச் சிலுவை அடையாளம், அவ்வளவுதான். படுக்கையருகே பாடுபட்ட சுரூபம் என்றால், விளக்கை அணைக்கும் முன் அதை முத்தமிட்டு, "தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" (லூக்கா 23:46). வேலை மேசையில் ஒரு பதக்கம் என்றால், கணினியைத் திறக்கும் முன் அதைத் தொட்டு "இயேசுவே, இந்த வேலை உமக்கே." ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். வாசலில் மாட்டிய ஒரு சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் ஐந்து பத்துமணி (பத்துமணி என்பது பத்து அருள்நிறை மந்திரம் கொண்ட பகுதி) ஜெபமாலையைச் சொல்வது என்று வைத்தால், அவசரமான முதல் காலையிலேயே அது விட்டுப்போகும். பிறகு சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

பார்க்கும் பொருளைவிடத் தொடும் பொருள் நன்றாக நினைவூட்டும். ஆகவே சுவரின் உயரத்தில் வைப்பதைக் கை படும் இடத்துக்கு இறக்குங்கள்: சாவிக்கொத்து, கதவுப்பிடியின் அருகு, தலையணைக்கு அடி. ஒரே நாளில் எட்டுப் பொருளை வைக்காதீர்கள். ஒன்று பழகி, யோசிக்காமலே கை அங்கே போகத் தொடங்கிய பிறகு இரண்டாவது. அது மறுபடி கண்ணுக்கு மறைந்துவிட்டதாகத் தோன்றினால் இடத்தை மாற்றுங்கள். திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் தொடங்கும் நாள்கள் அதற்கு நல்ல தருணம்.

கேள்வி: கைப்பேசித் திரையில் மாதா படம் வைத்தால் போதாதா?

நினைவூட்ட உதவும், வைக்கலாம். ஆனால் அந்தத் திரையில் வரும் செய்தி அடுத்த நொடியே உங்கள் கவனத்தை இழுத்துவிடும். மூவேளை ஜெபத்துக்கு மட்டும் கைப்பேசி நல்ல துணை: காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்கு மணியோசை வைத்துக்கொள்ளுங்கள். கையிலோ கழுத்திலோ இருக்கும் பொருளுக்கு அது மாற்றாகாது.

கேள்வி: மந்திரிக்காத ஜெபமாலையில் ஜெபித்தால் செல்லாதா?

செல்லும். விரல்களை எண்ணிக்கொண்டு சொன்னாலும் அது ஜெபமாலைதான். மந்திரிக்கும்போது, அதாவது குரு ஆசீர்வதிக்கும்போது, அந்தப் பொருளைப் பயன்படுத்துவோருக்காகத் திருஅவை செய்யும் வேண்டுதல் அதோடு சேர்கிறது. முறையாக மந்திரிக்கப்பட்ட சிலுவை, ஜெபமாலை, உத்தரியம் (கயிற்றில் கோத்து அணியும் இரு துணித் துண்டுகள்), பதக்கம் ஆகியவற்றைப் பக்தியோடு பயன்படுத்துவோருக்குக் குறைவுபட்ட பலன் என்னும் பகுதிப் பேறுபலனையும் (பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையில் ஒரு பகுதி நீங்குவதை) திருஅவை வழங்குகிறது. ஆனால் இவை ஏழு அருளடையாளங்களைப் போல அருளைத் தருபவை அல்ல. அருளைப் பெற நம் மனத்தைத் தயார்செய்பவை என்றுதான் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி (எண் 1670) சொல்கிறது.

மந்திரிக்கக் கேட்பது எளிது. திருப்பலி முடிந்ததும் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபாதர், இந்த ஜெபமாலையை மந்திரித்துத் தாருங்கள்" என்று கேட்டால் போதும். உத்தரியமாக இருந்தால், அணிவிக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அதற்குத் தனிச் சடங்கு உண்டு. "ஏற்கெனவே மந்திரித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். ஆசீரை விலைக்கு விற்கக் கூடாது. விற்கப்பட்ட பொருளில் பேறுபலனும் நிற்காது.

கேள்வி: அண்ணா, என் ஜெபமாலை மாதம் ஒருமுறையாவது அறுந்துவிடுகிறது. மணிகளை எண்ணிப் பார்த்தால் குறைகிறது. எப்படிச் சரிசெய்வது?

ஐந்து பத்துமணி ஜெபமாலையில் மொத்தம் 59 மணிகள்: அருள்நிறை மந்திரத்துக்கு 53, கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கு 6. முதலில் இதைச் சரிபாருங்கள்.

சங்கிலி வகையில் ஒவ்வொரு மணியின் ஊடாகவும் ஒரு கம்பி போய், இரு முனையிலும் வளையமாக மடிந்திருக்கும். கம்பி அறுவது அரிது. அந்த வளையத்தின் வாய் திறந்துகொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும். பையிலிருந்து சிலுவையைப் பிடித்து இழுக்கிறோம். இழுப்பு முழுவதும் நடுவில் இருக்கும் மாதா பதக்கத்தின் மூன்று வளையங்களில் விழுகிறது. பார்த்தால் பெரும்பாலும் அங்கேதான் விட்டிருக்கும்.

சரிசெய்ய இரண்டு மூக்குக் குறடு வேண்டும். வளையத்தின் இரு முனைகளையும் ஒவ்வொரு குறடால் பிடித்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறங்கள். பக்கவாட்டில் அகட்டினால் வட்டம் கெட்டுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் வாய் முழுதாக மூடாது, அடுத்த வாரம் மறுபடி விடும். கோத்த பிறகு அதே வழியில் திருப்பி, இரு முனைகளும் உரசும்வரை மூடுங்கள்.

தினமும் பையில் கொண்டுபோவதற்குச் சங்கிலியைவிட நைலான் கயிற்று முடிச்சு ஜெபமாலை நல்லது. சத்தம் வராது, துவைத்தாலும் தாங்கும். எதுவானாலும் சாவியோடும் சில்லறையோடும் போடாமல் சிறு துணிப்பையில் வையுங்கள்.

கேள்வி: முழு ஜெபமாலைக்கு நேரம் கிடைப்பதில்லை. விரல் ஜெபமாலை பயன்படுத்தலாமா?

தாராளமாக. மோதிரத்தில் பத்துப் புடைப்பும் ஒரு சிலுவையும் இருக்கும். சிலுவையில் கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துப் புடைப்பிலும் அருள்நிறை மந்திரம், மறுபடி சிலுவை வந்ததும் திரித்துவப் புகழ். கட்டைவிரலால் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே போகலாம். நடந்து போகும்போதும் வரிசையில் காத்திருக்கும்போதும் ஒரு பத்துமணி முடிந்துவிடும். ஒரே நாளில் ஐந்து இடங்களில் ஐந்து பத்துமணி சொல்லலாம். குடும்பமாகவோ ஆலயத்திலோ ஜெபமாலைக்குரிய நிறைவுப் பேறுபலனை நாடுவோர் மட்டும் ஐந்து பத்துமணியையும் இடைவிடாமல், மறையுண்மைகளை (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளை) தியானித்துச் சொல்ல வேண்டும். அதற்குரிய வழக்கமான நிபந்தனைகளும் உண்டு.

நாளுக்குரிய மறையுண்மை மறந்துபோகிறது என்றால்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் சேர்த்தார். பழைய அச்சுப் புத்தகங்களில் அவை இருக்காது.

சுழலும் இயந்திரத்தில் வேலை செய்வோர் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். அவர்களுக்குப் பத்து மணி கோத்த சிறு கயிறு போதும்.

கேள்வி: பழுப்பு உத்தரியத்தைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். நனைகிறது, அரிக்கிறது, இரண்டு துண்டும் முன்பக்கமே வந்துவிடுகிறது. பதக்கமாக மாற்றிக்கொள்ளலாமா?

உத்தரியம் என்பது பழுப்புக் கம்பளித் துணியின் இரண்டு துண்டுகள். ஒன்று மார்பிலும் மற்றது முதுகிலும் வர, கயிறுகள் இரு தோள்மீதும் போக வேண்டும். துணியில் படம் கட்டாயமில்லை. முதல்முறை குருவோ திருத்தொண்டரோ சடங்குமுறைப்படி அணிவிக்க வேண்டும். அது ஒரே முறைதான். கிழிந்து புதிதாக மாற்றும்போது மறுபடி அணிவிக்க வேண்டியதில்லை.

இரண்டு துண்டும் முன்னால் வருவதற்குக் காரணம் கயிற்றின் நீளம். முன்துண்டு நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நிற்கும்படி கயிற்றில் முடிச்சிட்டுக் குறையுங்கள். அப்போதும் நகர்ந்தால், பின்துண்டை உள்ளாடையில் ஒரு சிறு ஊக்கால் குத்திக்கொள்ளலாம். அரிப்புக்குப் பெரும்பாலும் வியர்வை உப்பும் சோப்பு மிச்சமும்தான் காரணம். குளிர்ந்த நீரில் மிதமான சோப்பால் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். வெந்நீரும் சலவை இயந்திரமும் கம்பளியைச் சுருக்கிவிடும். தோல் சிவந்து தடித்தால் பனியனுக்கு மேல் அணியலாம்.

பதக்கமாக மாற்றலாம். துணி உத்தரியம் முறைப்படி ஏற்றவர்கள் அதற்குப் பதிலாகப் பதக்கம் அணிய 1910-இல் புனித பத்தாம் பயஸ் அனுமதி தந்தார். ஒருபக்கம் இயேசுவின் திருஇருதயம், மறுபக்கம் மாதா இருக்க வேண்டும். ஒவ்வொரு பதக்கமும் மந்திரிக்கப்பட வேண்டும். ஆனாலும் துணியைத் தாங்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை துணிதான். காலையில் சட்டை போடும்போது கை அதைத் தடவிச் சரிசெய்தே ஆக வேண்டும். அந்த நொடியில் "கார்மேல் அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வந்துவிடும்.

கேள்வி: அற்புதப் பதக்கத்திலும் புனித பெனடிக்ட் பதக்கத்திலும் உள்ள எழுத்துகளுக்கு என்ன பொருள்?

அற்புதப் பதக்கம் 1830-இல் பாரிஸில் புனித கத்தரீன் லபூரே கண்ட காட்சியிலிருந்து வந்தது. 1832-இல் முதலில் வார்க்கப்பட்டது. முன்புறம் சுற்றியுள்ள வரி: "பாவமின்றிக் கருவான மரியே, உம்மை நாடி வரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அதுவே ஒருவரி ஜெபம், வேறொன்றைத் தேட வேண்டாம். பின்புறம் சிலுவையோடு பின்னிய 'எம்' எழுத்து, பன்னிரண்டு விண்மீன்கள், முள்முடி சூழ்ந்த இயேசுவின் இதயம், வாள் ஊடுருவிய மரியாவின் இதயம்.

பெனடிக்ட் பதக்கத்தில் இன்று பரவலாகக் காணும் வடிவம் 1880-இல் வந்தது. சிலுவையின் செங்குத்துக் கட்டையில் உள்ள ஐந்து எழுத்துகள் "திருச்சிலுவை என் ஒளியாகட்டும்" என்ற லத்தீன் வரியின் முதலெழுத்துகள். குறுக்குக் கட்டையில் "அலகை எனக்கு வழிகாட்டியாகாதிருக்கட்டும்." சோதனை வரும் நேரத்தில் பிடித்துக்கொள்ள இந்த இரண்டு வரிகள் போதும்.

கேள்வி: காரில் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிடுவது தவறா?

பக்திக் குறைவு இல்லை, பாதுகாப்புக் குறைவு உண்டு. ஆடும் பொருள் கண்ணை இழுக்கும், பாதையையும் மறைக்கும். வெயிலில் கயிறும் மணியும் இற்றுப்போகும். பதக்கத்தைச் சாவியில் மாட்டுங்கள். வண்டியைக் கிளப்பும் முன் கையில் படுவது அதுதான்.

கேள்வி: வீட்டுத் தீர்த்தக் கிண்ணம் வழவழவென்று பாசி பிடிக்கிறது.

வெளிச்சமும் விரல் அழுக்கும் சேர்ந்தால் அப்படித்தான். கிண்ணத்தில் விரல் நனையும் அளவு மட்டும் ஊற்றி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மீதியை மூடிய குப்பியில் இருட்டான இடத்தில் வையுங்கள். சிந்தாதிருக்கப் பஞ்சு வைத்திருந்தால் பூஞ்சை முதலில் அதில்தான் வரும்; அதையும் மாற்றுங்கள். பழைய நீரைச் சாக்கடையில் விடாமல் செடியின் வேரில் ஊற்றுங்கள்.

கேள்வி: பதக்கம் தொலைந்த வாரமே வீட்டில் நோய் வந்தது. பயமாக இருக்கிறது அக்கா என்று என் தங்கை அழுகிறாள். என்ன சொல்வது?

பயப்பட எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். கடவுளின் பராமரிப்பு உலோகத்தில் பூட்டி வைக்கப்படவில்லை. உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு, வெளிச்செயல் மட்டுமே பலன் தரும் என்று நினைப்பதை மறைக்கல்வி (எண் 2111) மூடநம்பிக்கை என்கிறது. இத்தனை பிரதி எடுத்து ஆலயத்தில் வைக்காவிட்டால் தீங்கு வரும் என்னும் ஜெபத்தாள்களும், வீடு விற்க வளனார் (சூசையப்பர்) சுரூபத்தைத் தலைகீழாகப் புதைப்பதும் அந்த வகைதான். தாளைத் தயங்காமல் அகற்றுங்கள். உத்தரியமும் அப்படியே: அணிந்தால் போதும், எப்படியும் வாழலாம் என்று திருஅவை ஒருபோதும் சொன்னதில்லை. தங்கைக்கு இன்னொரு பதக்கம் வாங்கிக் கொடுங்கள். ஆனால் முதலில் இருவரும் சேர்ந்து நோயுற்றவருக்காக ஜெபியுங்கள்.

கேள்வி: வேறு சபை நண்பர் "இது விக்கிரகம்" என்கிறார்.

எண்ணிக்கை நூல் 15:38-39-ஐ அவரோடு சேர்ந்து வாசியுங்கள். ஆடை ஓரத்தில் குஞ்சம் வைத்து, அதைப் பார்க்கும்போது கட்டளைகளை நினைவுகூருமாறு ஆண்டவரே இஸ்ரயேலருக்குச் சொல்கிறார். நாமும் பொருளை ஆராதிப்பதில்லை. படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்பட்டவருக்கே போய்ச் சேருகிறது என்று கி.பி. 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் தெளிவாக்கிவிட்டது. விவாதம் வளர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்கு எது அணிவிக்கலாம்?

தூங்கும் குழந்தையின் கழுத்தில் கயிறோ சங்கிலியோ வேண்டவே வேண்டாம். இறுகும் ஆபத்து உண்டு. தொட்டிலில் தொங்கவிடுவதும், விழுங்கக்கூடிய மணியும் பதக்கமும் கைக்கு எட்டும்படி வைப்பதும் அதே அளவு ஆபத்து. எட்டாத உயரத்தில் சுவரில் ஒரு சிலுவை போதும். இரவில் பெற்றோர் குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரையட்டும்.

கேள்வி: உடைந்த சுரூபம், கிழிந்த உத்தரியம், பழைய குருத்தோலை எல்லாம் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. குப்பையில் போட மனம் வரவில்லை.

போடாதீர்கள். துணி, தாள், மரம் ஆகியவற்றை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்கலாம். பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப்புகை வரும், அதைப் புதையுங்கள். மாவுச் சுரூபத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து, கால் படாத இடத்தில் குழிதோண்டி மூடுங்கள். குருத்தோலையைத் திருநீற்றுப் புதனுக்குமுன் பங்கு ஆலயத்தில் கொடுத்தால் சாம்பலுக்கு உதவும். ஜெபமாலையை மட்டும் உடனே புதைக்காதீர்கள்: ஒரு வளையத்தை மூடினால் பெரும்பாலும் மறுபடி ஜெபிக்கலாம்.